ஒரு பேராயரும் நான் எழுதிய மனுவும்

என் தம்பி எழுதிய ஆய்வேட்டில் ஒரு பேராயர் ஆறு குளிர்காலங்கள் மீன் துறைக்கு மேலே ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நகரம் மலைக்கு அந்தப் பக்கம். அவருடைய கோயில், அவருடைய நாற்காலி, அவர் வருகிறார் என்று அடிக்க வேண்டிய மணி, எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கடல், உப்பு, கருவாட்டு வாடை, ஈரச் சுவர். பால்கன் நாடுகளின் கரையோரம், எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால். அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. ஆனால் போன மழைக்காலம் முழுக்க அந்த அறையில்தான் இருந்தேன்.

உடம்பு இருந்தது யாங்கோனில். தின்கன்ஜூனில், மூன்றாவது மாடியில், ஜன்னல் கம்பியில் துணி காயாத வீட்டில். கரண்ட் சில மணி நேரம் வரும், போகும். வந்தால் தெருவில் யாராவது "மீ லாபி!" என்று கத்துவார்கள், வந்துவிட்டது என்று. அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு கையால் சோற்றுக் குக்கர் சுவிட்சைத் தட்டிவிடுவேன், மறு கையால் கணினியைத் திறப்பேன். பேராயர் என்னிடம் எப்போதும் சோற்று ஆவியோடுதான் வந்தார்.

தம்பி குருவானவர். ஒரு துறவற சபையைச் சேர்ந்தவன். வயதில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து அம்மா அவனை "சாமி" என்றுதான் கூப்பிடுகிறாள். பெற்ற பிள்ளையை "வாங்க, உக்காருங்க" என்கிறாள். நான் "வாடா" என்றால் முறைப்பாள். அவனை இளம் வயதில் சபை வெளிநாட்டுக்கு அனுப்பித் திருச்சபை வரலாறு படிக்கவைத்தது. அங்கே அவன் ஆங்கிலத்தில் எழுதியதுதான் அந்த ஆய்வேடு: ஒரு பேராயர், அவர் போன இடங்கள், அவர் வகித்த பதவிகள், அவரைப் பற்றி மிஞ்சிய கடிதங்கள். திரும்பி வந்தபின் அது இருபது வருடம் அலமாரியில் கிடந்தது. குருப்பட்ட வெள்ளிவிழாவுக்கு அதைத் தமிழில் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று யாரோ சொல்ல, மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

விழாக் குழுக் கூட்டம் தாமுவே கோயிலுக்குப் பின்னால் நடந்தது. தம்பி அப்போது அங்கேதான் பங்குச் சாமி. செயலாளர் எழுந்தார், வாயில் வெற்றிலை, கண்ணில் குறும்பு.

"சயாமா, கோவிக்காதீங்க," என்றார். சயாமா என்றால் டீச்சர். தெருவில் எல்லாருக்கும் நான் அதுதான். "நம்ம பிள்ளைங்க பர்மா எழுத்துல தமிழை எழுதி வச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுதுங்க. இதத் தமிழ்ல போட்டா யாரு படிப்பா?"

"எங்கம்மா படிப்பாங்க," என்றான் தம்பி. "ஒரு ஆளு போதும், நோ?"

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூரைத் தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்த சத்தம் மாதிரி இருக்கிறது.

அம்மா படித்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான் அச்செடுத்துக் கொடுக்க, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, உதடு அசையப் படித்தாள். முகத்தில் பூசிக் காய்ந்த தனகா மரப்பட்டைச் சாந்து பொடிப்பொடியாகத் தாளில் உதிரும்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் கேட்டாள்: "இவருக்கு அம்மா இல்லியா?"

"இருந்திருப்பாங்க. எழுதி வைக்கல."

"என்ன சாப்பிட்டாரு, யாரு சமைச்சுப் போட்டா, ஒண்ணும் இல்ல. கடுதாசி கடுதாசியா இருக்கு. சாமி இதுக்கா மூணு வருசம் படிச்சாரு?"

"இதுக்குத்தான்."

"ம். குடு அடுத்தத."

இரண்டாவது அத்தியாயத்தில் அவளுக்கு ஆள் பிடித்துவிட்டது. பேராயர் ஆவதற்கு முன்னால் அவரும் ஒரு சபைத் துறவி. காலில் செருப்பில்லாமல் நடக்கிற கூட்டம். கடலோர வணிக நகரம் ஒன்றில் பிரசங்கியாக இருந்தார். மலை தாண்டி அரசன் ஒருவன் இருந்தான். அவன் கிழக்கத்திய சபையைச் சேர்ந்தவன், ரோமை ஏற்காதவன். அவனோடு வணிகர்களுக்குச் சண்டை வரும்போதெல்லாம் இந்தத் துறவியைத்தான் தூது அனுப்பினார்கள். மலைக்காரர்களின் மொழி அவருக்குத் தெரியும். பனியில் நடப்பார். கத்தி உருவியவன் முன்னால் குரல் உயர்த்தாமல் பேசுவார். மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பி வந்தார்.

"சூரன்தான்," என்றாள் அம்மா. அன்றிலிருந்து அவர் "நம்ம பேராயர்".

அந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. சபைக்கு எல்லைப் பக்கம் ஒரு மலைப்பங்கு இருக்கிறது. அங்கிருந்த குரு நோயோடு கீழே இறங்கி வந்துவிட்டார். ஊர் பாதி எரிந்து, சனங்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். பாதையில் ராணுவம், கிளர்ச்சிக்காரர்கள் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சோதனைச் சாவடி வைத்திருக்கிறார்கள். யாரையாவது அனுப்ப வேண்டும். தம்பி குருப்பட்டம் வாங்கிய புதிதில் இரண்டு வருடம் அங்கே இருந்தவன். ஆக, அவன் பெயரும் அடிபட்டது. அடிபட்டது என்றுதான் சொல்கிறேன். யாரும் முடிவு செய்யவில்லை. இந்த ஒரு விஷயத்தை இன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்: அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறினாள். "சபைத் தலைவருக்கு ஒரு மனு எழுது. சாமிய இங்கியே வச்சுக்கச் சொல்லு."

மனு எழுதுவது எங்கள் குடும்பத்துக் கைவேலை. அப்பா துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். கோயிலடித் தமிழர்களில் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூட இடத்துக்கும் வீட்டுக் குழாய்க்கும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவருக்குப் பிறகு நான். அவரிடம் ஒரு விதி உண்டு, எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்த விதிப்படிதான் எழுதுவார்கள். கேட்பதை எடுத்தவுடன் கேட்கக்கூடாது, அது பிச்சை. முதலில் புகழ வேண்டும். ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து, படிப்பவர் மனம் கரைந்து நிற்கும்போது கடைசி வரியில் கேட்க வேண்டும்.

நான் புகழ்ந்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு: ஒரு வரி நன்றாக விழுந்தால் அடுத்த வரியை அதைவிட உயரத்தில் வைக்கத் தோன்றும். எங்கள் பங்குச் சாமி மலைமக்கள் மொழியை அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேசுபவர். நடந்து சலிக்காதவர். இரண்டு பக்கத்து ஆட்களும் மரியாதை வைத்திருப்பவர். காய்ச்சல்காரனுக்கு மருந்தும், பயந்தவனுக்குச் சிரிப்பும் கொடுக்கத் தெரிந்தவர். துப்பாக்கி வைத்திருப்பவனோடும் உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தெரிந்தவர். கடைசி வரி: இப்படிப்பட்டவர் எங்களை விட்டுப் போனால் நாங்கள் அநாதைகள்.

அந்தத் துப்பாக்கி வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். சந்தோஷத்தில். கீழே தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தானாகச் சுழன்று மிதந்து போனது. அதைக்கூட அழகு என்று நினைத்தேன். நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். படித்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். செயலாளர், "சயாமா, இதப் படிச்சா பாப்பரசரே இறங்கி வந்துருவாரு," என்றார்.

சபைத் தலைவர் படித்தார்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமைப் பகலில் தம்பி வீட்டுக்கு வந்தான். தெருமுனையில் மொகிங்கா வாங்கிக்கொண்டு வந்திருந்தான், மீன்குழம்பு தனி, நூடுல்ஸ் தனி, பொரித்த பருப்பு தனி. மூன்று கிண்ணத்திலும் அவனே பிரித்து ஊற்றினான். கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து சிலுவை போட்டு, சாப்பிடாமல் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ நல்லாத்தான் எழுதுறே."

நான் என் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தேன்.

"தலைவர் என்னக் கூப்பிட்டு உன் மனுவ வாசிச்சுக் காட்டினாரு. முழுசா. 'யாரை அனுப்புறதுன்னு மூணு மாசமா செபம் பண்ணேன் ஃபாதர், பதில் கையெழுத்தோட வந்துருச்சு'ன்னாரு."

"நான் உன்னை இங்க வச்சுக்கத்தானேடா எழுதினேன்! கடைசி வரியப் படிக்கலியா அவரு?"

"படிச்சாரு. ஆனா அது ஒரு வரி. மேல இருபது வரி இருக்கே."

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. "சாமி, முடியாதுன்னு சொல்லுங்க. முதுகுவலின்னு சொல்லுங்க. வலி இருக்குல்ல?"

"இருக்குமா. ஆனா என்னப் பத்தி இவ்வளவு நல்லா இதுக்கு முன்னால யாரும் எழுதினதில்ல." அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "அதக் கேட்டுட்டு, இல்ல, அந்த ஆளு நான் இல்லன்னு எப்பிடி சொல்றது? அங்க காட்டுக்குள்ள கெடக்கிற சனங்களுக்குப் பூசை இல்ல, செத்தாப் புதைக்க ஆளு இல்ல. நீங்க கேட்டா நான் நிக்கிறேன். கேப்பீங்களா?"

அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பான் என்று ஒரு நாள் நினைக்கிறேன். நின்றிருக்க மாட்டான் என்று மறுநாள். மொகிங்கா ஆறி, மேலே ஒரு தோல் படர்ந்தது.

ஜூன் கடைசியில் போனான். நெடுந்தூர பஸ் நிலையத்தில், காலை மழையில், அம்மா அவன் பையில் செபமாலையும் பாராசிட்டமாலும் திணித்தாள். வண்டி நகர ஆரம்பித்தது. இருபத்தைந்து வருடமாக "சாமி" என்று கூப்பிட்டவள் ஜன்னலைத் தட்டி, "டேய்!" என்று கத்தினாள். "டேய், நனையாதடா!" அவன் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் அது போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? கை சும்மா இருந்தால் மனம் எதையெதையோ எடுத்துக் கடிக்கிறது.

அந்த அத்தியாயத்தில் மலைக்கு அப்பாலுள்ள நகரத்தின் பேராயர் இடம் காலியாகிறது. யாரும் போகத் துணியாத இடம். வணிக நகரத்தின் மன்றத்துக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது, தங்கள் தூதுவரைப் பாப்பரசர் எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று. கூடி உட்கார்ந்து ரோமுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். இவரை எங்களிடமே விட்டுவையுங்கள் என்பது வேண்டுகோள். அதற்கு முன்னால் ஒரு பக்கம்: இவருக்கு மலைக்காரர்கள் மொழி தெரியும், பனியில் நடப்பார், பகையான அரசனின் அவையில் பயமில்லாமல் நிற்பார், வேறு வழிபாட்டு முறையினரோடும் பொறுமையாகப் பேசுவார். பாப்பரசர் கடிதத்தைப் படித்தார். அடுத்த கப்பலில் நியமனம் வந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனது. கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது.

இதைத் தம்பி இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறான். தலைவர் என் மனுவை வாசித்தபோது அவனுக்கு இந்தப் பக்கம் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? அவன் மொகிங்காவை மூன்று கிண்ணத்தில் ஊற்றியபோது, "நீ நல்லாத்தான் எழுதுறே" என்றபோது, அவன் கண்ணில் அந்தக் கடல் இருந்ததா?

அம்மா அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்து, தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். காக்கைகள் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் தலையை ஒடுக்கி நனைந்துகொண்டிருந்தன.

"இது நீ எழுதின மனு மாதிரியே இருக்கு," என்றாள்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஜூலையில் அவனிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு மேட்டில் ஏறினால் ஒரு கம்பி சிக்னல் கிடைக்கிறதாம். "மூங்கில்ல ஒரு கோயில் கட்டிட்டோம்கா. மழை உள்ளயும் பெய்யுது, வெளியயும் பெய்யுது. உள்ள கொஞ்சம் கம்மி." பழைய கோயில் ஊருக்குள் இருந்தது, அங்கே போக யாருக்கும் அனுமதியில்லை. ஆனால் நற்கருணைப் பேழையும் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அதற்குள்தான் இருக்கின்றன என்றான். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் அங்கே பாதிப்பேருக்குத் தாங்கள் பிறந்ததற்கே சாட்சி இல்லை.

"அதுக்காகப் போகாதே," என்றேன்.

"இப்ப போகல."

"இப்பன்னா?"

"அக்கா, மூணாவது அத்தியாயம் முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். உனக்கு அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சா?"

மழை இரைச்சல். பிறகு அவன் குரல், சிரிப்போடு: "தலைவர் ரூம்ல சிரிப்ப அடக்க முடியல. அவரு நான் ஆனந்தப்படுறேன்னு நெனச்சிட்டாரு. கெய்ஸா மஷிபூ." அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம், எங்கள் வீட்டில் பெரிய அடி விழும்போதெல்லாம் பர்மியத்தில்தான் ஆறுதல் சொல்லிக்கொள்வோம். "யாராச்சும் மேல வந்தா கொஞ்சம் பலச்சாங் குடுத்து விடு. இறால் நெறைய போட்டு. அந்தப் பேராயருக்குப் பலச்சாங் வறுத்து அனுப்ப அக்கா இல்ல பாரு."

வறுத்தேன். வெங்காயமும் பூண்டும் காய்ந்த இறாலும் வீடெல்லாம் நெடியடித்தது. கண்ணில் நீர் வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. புட்டியில் அடைத்து, மலைக்குப் போகும் ஒரு கன்னியாஸ்திரியிடம் கொடுத்தேன். பாதியிலேயே பாதை மூடியதால் ஒரு மாதத்தில் புட்டி திரும்பி வந்தது. இப்போதும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

நான்காம் அத்தியாயம் அந்த வாடகை அறை. பேராயர் நியமிக்கப்பட்டார், ஆனால் போக முடியவில்லை. கணவாய் மூடிக் கிடந்தது, அரசன் அனுமதிக்கவில்லை. ரோமிலிருந்து அவருக்கு ஒரு வெள்ளைக் கம்பளிப் பட்டை வந்தது. பேராயர்கள் தோளில் போடுவது. ஆட்டுக்குட்டி மயிரில் நெய்து, கறுப்புச் சிலுவைகள் தைத்தது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் போடமுடியாது. இறந்தால் அவரோடு குழிக்குள் போகும். அவர் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீன்துறைக்கு மேலே, வந்த பத்திரங்களில் எல்லாம் தான் கண்ணால் பாராத நகரத்தின் பேராயர் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஆறு குளிர்காலங்கள் இருந்தார். ஏழாவது வருடம் பனி உருகியதும் எழுந்து போனார். ஏன் அப்போது, அனுமதி வந்ததா, யார் கூடப் போனார்கள், எதுவும் இல்லை. ஒரு சாட்சி மட்டும்: துறைமுகத்து எழுத்தர் ஒருவர், பேராயர் இரண்டு கோவேறு கழுதைகளோடு கிழக்கு வாசல் வழியாக வெளியேறினார் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத்தர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டு மையை ஊதிக் காயவைக்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு முறை பேசினான். செப்டம்பரில் பேசவில்லை. அவன் எண்ணை அழுத்தினால் ஒரு பெண், பர்மியத்தில், மிக மரியாதையாக, நீங்கள் அழைத்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றாள். அம்மா அவளிடம் பேசுவாள். "சரிம்மா, வந்ததும் சொல்லு," என்பாள். முதலில் விளையாட்டாக. பிறகு விளையாட்டில்லாமல்.

ஐந்தாம் அத்தியாயம் மூன்றே பக்கம். கடைசி. அதை நான் ஒரு மத்தியானத்தில் மொழிபெயர்த்து முடித்தேன்.

மலைக்குள் போனபின் அந்தப் பேராயரைப் பற்றி ஒரு கடிதமும் இல்லை. கல்லறை இல்லை, கல்வெட்டு இல்லை. அவர் இறந்தார் என்று நமக்குத் தெரிவதே ஒரே ஒரு தாளால்தான்: அவருக்குப் பின் வந்தவரின் நியமனப் பத்திரம். இன்னாரை அந்த நகரத்துக்குப் பேராயராக நியமிக்கிறோம், நல்ல நினைவுக்குரிய முன்னவரின் மறைவால் இடம் காலியாக இருப்பதால். அவ்வளவுதான். பால்கன் பேராயர்கள் பலருக்கும் மரணம் இப்படித்தான் பதிவானது என்று தம்பி எழுதியிருக்கிறான்: வேறொருவருக்கு வந்த வேலை உத்தரவில், ஒரு துணை வாக்கியமாக. புதியவருக்காகப் புதிதாக ஒரு பட்டை நெய்தார்கள். அதற்கு இன்னொரு ஆட்டுக்குட்டி.

அந்த மூன்று பக்கங்களை அம்மாவிடம் கொடுக்கவில்லை. வீட்டில் டிசம்பர் வரை யாரும் தொடாத ஒரே இடம் கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்கள் வைத்த பெட்டி. செய்தித்தாள் சுற்றிய மாட்டுக்கும் மூன்று ராஜாக்களுக்கும் அடியில் தாள்களை வைத்து மூடினேன்.

"கடைசி அத்தியாயம் எப்ப தருவே?"

"பிரிண்டர்ல மை இல்லம்மா."

"ம்."

அக்டோபரில் ஒரு ஞாயிறு. மழை விட்டு, வெயில் ஈரத்தை அவித்துக்கொண்டிருந்தது. எங்கள் பங்கு அந்தச் சபையின் கையில் இருப்பதால், சபையின் மாறுதல் பட்டியலை நற்கருணை முடிந்ததும் பீடத்திலிருந்து வாசிப்பது வழக்கம். யார் எந்தப் பங்குக்குப் போகிறார்கள் என்று மட்டும் சொல்வார்கள். யாருக்குப் பதிலாக என்று சொல்வதில்லை. தம்பி மலைக்குப் போகும் செய்தியையும் சனங்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

நான்காவது பெயராக மலைப்பங்கு வந்தது. அதற்கு எதிரே ஒரு இளம் குருவின் பெயர்.

அடுத்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. என் காதில் ஆட்டுக்குட்டி கத்தியது.

முன் பெஞ்சிலிருந்த பெண்கள் திரும்பினார்கள், முகமெல்லாம் பல்லாக. "அம்மா! சாமி கீழ வர்றாரு போல! வேற ஆளு போட்டுட்டாங்களே!"

"ஆமாம்மா," என்றாள் அம்மா. சிரித்தாள். "ஆமா, ஆமா." ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்தார்கள். செயலாளர் தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெள்ளிவிழாவை டிசம்பரில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருத்தி கேட்டாள். அம்மா எல்லாருக்கும் தலையசைத்தாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது.

அவளைக் குருசடியருகே உட்காரவைத்துவிட்டு, அலுவலக அறைக்குப் போனேன். சபைத் தலைவர் அன்று வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் எழுந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"தகவல் இல்ல சயாமா," என்றார். "இருக்காருன்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. பழைய கோயிலுக்குப் போற பாதையில ஃபாதரைப் பார்த்ததா ஒருத்தர் சொன்னார். இப்ப அந்த ஆளையும் காணோம். அஞ்சு வாரமாச்சு. சனங்களை வெறுமன விட முடியாது, அதான் இன்னொருத்தரை…" நிறுத்தினார். "வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

பதிவேடு எடுக்கப் போயிருக்கிறான். இப்போது போகவில்லை என்றவன், எப்போதோ போயிருக்கிறான். மேசைமேல் கோப்புகள் இருந்தன. அவற்றில் எங்கோ என் மனு, இருபது வரிப் புகழோடு, நாற்பது கையெழுத்தோடு.

டாக்சியில், தலைவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். தின்கன்ஜூன் திருப்பத்தில் வண்டி நின்றது. முன்னால் லாரிகள், பச்சைத் துணி போர்த்தியவை, ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரிகள் போனபின் டிரைவர் ஜன்னலை இறக்கி வெற்றிலையைத் துப்பினார்.

"குடில் பெட்டியில வச்சா டிசம்பர் வரைக்கும் பாக்க மாட்டேன்னு நெனச்சியா?" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"போன வாரமே படிச்சிட்டேன். கண்ணாடி போட்டு, எல்லாத்தையும். கீழ பொடி எழுத்துல இருக்கே, அதையும்."

அந்த அடிக்குறிப்பை நானும் மொழிபெயர்த்திருந்தேன். கையால் செய்தேன், மனதால் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் மலைச் செய்தி கடலைத் தாண்ட மாதங்கள் ஆகும். சில நேரம் ஒருவர் இறந்துவிட்டார் என்று வந்த பேச்சை நம்பி ரோம் இன்னொருவரை நியமித்துவிடும். புதியவர் போய்ச் சேர்ந்தால் பழையவர் உயிரோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாற்காலி, இரண்டு பேராயர்கள். அப்படியும் நடந்திருக்கிறது என்று தம்பி ஐந்து வரியில் எழுதியிருந்தான்.

"அப்பிடியும் நடக்கும்ல?" என்றாள். கேள்வி இல்லை அது. கேள்வியாக இருந்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று மாடி ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். கதவைத் திறந்ததும் பலச்சாங் புட்டி இருந்த அலமாரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் மேசை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. ஒரு மனு எழுதணும்."

"யாருக்கும்மா?"

"புதுசா போற சாமிக்கு. போனதும் மொத வேலையா பழைய கோயில் பக்கம் ஆளு விட்டு, எம்புள்ள எங்கன்னு பாக்கச் சொல்லு. பாத்தா, அம்மா வரச் சொன்னான்னு சொல்லச் சொல்லு. மொத வரியிலேயே கேளு."

காகிதத்தை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். அப்பாவின் விதிப்படி, வணக்கத்துக்குரிய என்று கை தானாக ஆரம்பித்தது. அந்த இளம் குருவின் துணிவைப் பற்றி ஒரு வரி, நல்ல வரி, அதற்குள் விரலில் வந்து நின்றது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவனுக்கும் அம்மா இருப்பா," என்றாள். "இந்தத் தடவ ஒரு வார்த்தைகூடப் புகழாதே."